மழையில் சுருங்கிய மீன்

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் துணி காயாது. இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. சிங்கப்பூரிலிருந்து மூன்று சட்டைகளோடு வந்தவன், ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் சாரலில் ஒன்றை நனைத்தேன். வெள்ளிக்கிழமை ஊரை விட்டுக் கிளம்பும்போதும் அது ஈரமாகத்தான் இருந்தது. அறுபத்தொரு வயதில், முட்டி வலியோடு, ஈரச் சட்டையை உதறிப் போட்டுக்கொள்ளும்போது வாழ்க்கையே வெறுத்துப் போகிறது.

தென்காசியில் அறை கிடைக்காததால்தான் குற்றாலத்துக்கு வந்தேன். அருவியில் குளிக்க வரவில்லை என்று விடுதி மேலாளரிடம் சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “குளிக்கதுக்கு வராம வேற எதுக்கு சார் இங்கன வருவாவ?” என்று கேட்டுவிட்டு, என் அடையாள அட்டையை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார்.

நான் வந்தது ஒரு மீனைப் பார்க்க. தரையில் வரைந்த மீன்.

முப்பத்து நான்கு வருடம் சிங்கப்பூரில் நில அளவை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அடுத்தவர் நிலத்தை அளந்து அளந்தே முட்டி தேய்ந்தது. ஓய்வுக்குப் பிறகு உலகத்தில் எங்கெங்கோ பழங்கால மனிதர்கள் தரையில் வரைந்துவிட்டுப் போன ராட்சத உருவங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுத ஆரம்பித்தேன். பெரு நாட்டுப் பாலைவனத்துக்கு ஒரு தடவை போயும் வந்தேன். சின்ன விமானத்தில் ஏற்றிக்கொண்டு இடப்பக்கம் சாய்த்தார்கள், வலப்பக்கம் சாய்த்தார்கள். காகிதப் பைக்குள் முகத்தை வைத்திருந்த நான் ஒரு பறவையின் அலகை மட்டும் பார்த்தேன். மிச்சத்தை அஞ்சலட்டையில் பார்த்துக்கொண்டேன்.

எப்படி வரைந்தார்கள் என்பது என்னைப் போன்ற அளவைக்காரனுக்குப் பெரிய புதிர் இல்லை. மேலே கிடக்கும் கருத்த சரளையை ஒதுக்கினால் அடியில் வெளிறிய மண் தெரியும். கோடு தயார். வட்டம் வேண்டுமானால் ஒரு முளையை அடித்து, கயிறு கட்டி, இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்றி வர வேண்டும். வெறும் குச்சியும் கயிறும் வைத்துக்கொண்டு நம் காலத்தில் சிலர் அதே மாதிரி வரைந்தும் காட்டிவிட்டார்கள். ஏன் வரைந்தார்கள் என்பதில்தான் ஆளுக்கொரு கதை. வானத்து நாள்காட்டி என்கிறார் ஒருவர். நிலத்தடி நீருக்கு அடையாளம் என்கிறார் இன்னொருவர். சாமி கும்பிட்டுக்கொண்டே நடந்த பாதை, நூல் இழுத்துப் பாவு போட்ட தறிக்களம், வேற்றுக் கிரகத்தார் இறங்கிய ஓடுதளம் என்று போய்க்கொண்டே இருக்கும். பதினோரு அத்தியாயங்களில் எல்லோருக்கும் இடம் கொடுத்திருந்தேன்.

பன்னிரண்டாவது அத்தியாயம் என் சொந்தச் சரக்கு. செயற்கைக்கோள் வரைபடத்தைத் துழாவிக்கொண்டிருந்தபோது, தென்காசிக்கு வடகிழக்கே, வீரகேரளம்புதூர் போகும் பக்கம், ஒரு செம்மண் பொட்டலில் ஒரு மீன் தெரிந்தது. முட்டை வடிவத்தில் உடம்பு, நீண்ட வால், வட்டமாக ஒரு கண், சின்னதாகத் துடுப்பு. பாண்டியர் கடைசிக் காலத்தில் ஆண்ட ஊர் தென்காசி. பாண்டியர் கொடியில் மீன். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? இருபத்திரண்டு பக்கம் எழுதினேன். உடம்பின் வளைவை வரைபடத்திலேயே அளந்து பார்த்தால் ஆரம் சரியாக முப்பத்து நான்கு மீட்டர் வந்தது. அதைப் பத்தால் வகுத்து ‘மீன்கோல்’ என்று ஒரு பழந்தமிழ் அளவையே இருந்ததாகக் கண்டுபிடித்தும்விட்டேன். சென்னைப் பதிப்பாளர் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்: நேரில் போய் நாலு புகைப்படம் எடுத்து அனுப்புங்கள், சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

திங்கட்கிழமை காலை இட்லிக்குப் பதிலாகப் பரோட்டா சாப்பிட நேர்ந்தது. அருவிக்கரைக் கடைகளில் விடிந்ததிலிருந்தே கல்லில் தட்டுகிற சத்தம்தான். சிங்கப்பூரில் காலை உணவு என்றால் தேங்காய்ப்பால் ஜாம் தடவிய காயா டோஸ்ட், அரை வேக்காட்டு முட்டை. இங்கே நாட்டுக்கோழிச் சால்னாவில் ஊறிய இரண்டு பரோட்டா என் வயிற்றில் கல்லாக உட்கார்ந்துகொண்டது. அந்தக் கல்லோடு ஆட்டோவில் ஏறினேன்.

ஆட்டோக்காரர் மைதீன். வடகரைக்காரர். பத்துப் பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். “குத்தாலத்துக்கு வந்துட்டு, தண்ணி இல்லாத எடத்துக்குப் போகணும்னு கேட்ட மொத ஆளு நீங்கதான் சார்” என்றார். நான் மீனைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணாடி வழியாக என்னை அனுதாபத்தோடு பார்த்தார்.

பாவூர்சத்திரம் தாண்டியதும் கிளட்ச் வயர் அறுந்தது. “கொறச்சு வெயிட் பண்ணுங்க, இப்பம் சரியாக்கிருவேன்” என்று இறங்கினார். அந்தக் ‘கொறச்சு’ ஒன்றேகால் மணி நேரம். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. காற்று என் தொப்பியை இரண்டு முறை பறித்துக்கொண்டு போனது. சிங்கப்பூரில் ரயில் நான்கு நிமிடம் தாமதமானால் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு வரும். மைதீன் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு மங்குஸ்தான் பழத்தை எடுத்துக் கொடுத்தார்.

ஒரு வழியாகப் பொட்டலுக்கு வந்து சேர்ந்தோம். வரைபடத்தில் மீனின் வால் முடியும் இடத்தில் ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சுடிதாருக்கு மேல் பெரிய ஆண்பிள்ளை பனியன். கொஞ்சம் தள்ளி முறுக்கிய மீசையோடு ஒருவர் ஃபோனைப் பார்த்து, “ரெண்டு இருவத்துநாலு!” என்று கத்தினார்.

நான் மீனின் முதுகில் நடந்து அவரிடம் போனேன். அவர் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “தாலுகா ஆபீசா சார்? நடக்குத நடையப் பாத்தா நெலம் அளக்குறவிய மாதிரில்லா இருக்கு” என்றார். முப்பத்து நான்கு வருடப் பழக்கம். எங்கே போனாலும் எட்டு வைத்து எண்ணிக்கொண்டே நடப்பேன்.

இல்லை என்று சொல்லிவிட்டு, “இந்தக் கோடுகள் எவ்வளவு காலமாக இங்கே இருக்கின்றன?” என்று கேட்டேன்.

“முந்துன வருசம் ஆடி மாசத்துலருந்து.”

“யார் போட்டது?”

“நாந்தான்.”

“எதற்கு?”

அவர் அந்தப் பெண்ணைக் கை காட்டினார். “இவ ஓடுறதுக்கு.”

இருபத்திரண்டு பக்கம். அங்கேயே, சரளைமேல் உட்கார்ந்துவிட்டேன். முட்டி வலிக்கவே இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

அவர் பெயர் சுடலைமணி. பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்து நாயக்காக ஓய்வு பெற்று வந்தவர், இப்போது தென்காசியில் ஒரு நகைக்கடையில் காவலுக்குப் போகிறார். அவள் அவருடைய மனைவி இசக்கியம்மாள். மீனின் உடம்பு ஓட்டப் பாதை. வால், நூறு மீட்டர் ஓடுவதற்காக நேராக நீட்டியது. கண், பந்து எறிய நிற்கும் வட்டம். துடுப்பு, நீளம் தாண்டுகிற மணல் குழி. காலில் குத்தாமல் இருக்கப் பாதையிலிருந்த சரளையைப் பொறுக்கி இரண்டு ஓரத்திலும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். நான் பதினோரு அத்தியாயங்களில் விளக்கியிருந்த முறையைத்தான் பிசகாமல் செய்திருந்தார்கள்.

என் ஃபோனில் இருந்த படத்தை இசக்கியிடம் காட்டினேன். ஒரு கணம் புரியாமல் பார்த்தவள், “ஏ, மீனு மாதிரில்லா இருக்கு! இங்கன வாங்களேன், நம்ம பொட்டலப் பாருங்க!” என்று கணவனைக் கூப்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, “இதுலயே பழைய வருசத்துப் படமும் வருமே சார், அதப் பாக்கலயா? ரெண்டு வருசத்துக்கு முந்தி இங்கன ஒண்ணுமே கெடையாதே” என்றாள். பார்க்கவில்லை. அதைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. பார்க்க மனமில்லை என்பதுதான் சரி.

சாப்பிடாமல் விட மாட்டோம் என்று வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். பரோட்டாக் கல் மேல் அது மெத்தென்று இறங்கியது. வீட்டு நடையில் பீடி இலையும் தூளும் வைத்த முறம் இருந்தது. நான்கு வயது மகள் அதன் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இசக்கி பன்னிரண்டு வயதிலிருந்து பீடி சுற்றுகிறாள். கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல் வழியில் படித்து, போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் இந்தத் தடவை தேறிவிட்டாள். உடல் தகுதித் தேர்வு வரும் வெள்ளிக்கிழமை பாளையங்கோட்டையில். நானூறு மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். முடித்தால்தான் மற்றப் போட்டிகளுக்கே விடுவார்கள். “இதுதான் சார் கடேசி. அடுத்த தடவ விளம்பரம் வரும்போது வயசு தாண்டிரும்” என்றாள். பிள்ளை பிறந்தபோது வயிற்றைக் கிழித்து எடுத்தது. முதலில் நூறு மீட்டர்கூட ஓட முடியவில்லை. இப்போது இரண்டு இருபத்துநான்கு. ஆறு விநாடி கையில் இருக்கிறது.

“தேறலன்னா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் முறத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, “சோறு வைக்கட்டா சார்?” என்றாள்.

கிளம்பும்போது பேச்சுவாக்கில் சுடலைமணி ஒன்று சொன்னார். “கரெக்டா மைதானத்துக் கணக்கு சார். வளைவுக்கு முப்பத்தாறரை மீட்டர் ஆரம். கண்டோன்மென்ட்ல நான் கோடு போட்டிருக்கேன்.”

முப்பத்தாறரையா? என் மீன்கோல் கணக்கில் முப்பத்து நான்கு அல்லவா?

குற்றாலம் திரும்பும் வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே வந்தது. செயற்கைக்கோள் படம் கொஞ்சம் பிசகும். இரண்டரை மீட்டர் பிசகாது.

செவ்வாய்க்கிழமை தென்காசியில் ஒரு இரும்புக் கடையில் ஐம்பது மீட்டர் எஃகு நாடா வாங்கினேன். பெரிய கோயில் கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளுகிறது என்று எல்லோரும் சொல்வார்களே என்று அந்தப் பக்கம் போனேன். தள்ளியது. தொப்பி மூன்றாவது முறையாகப் போனது, இந்தத் தடவை திரும்பி வரவில்லை. நடுப்பகலில், அவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, மைதீனை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லிப் பாதையை அளந்தேன். இரண்டு தடவை அளந்தேன். ஒரு சுற்று முன்னூற்று எழுபத்திரண்டு மீட்டர்.

இருபத்தெட்டு மீட்டர் குறைவு. அவள் ஓடுகிற வேகத்துக்கு அது பத்துப் பதினோரு விநாடி. கையில் இருந்த ஆறு போக, ஐந்து விநாடி கடன்.

மைதீன் கணக்கை என்னைவிட வேகமாகப் போட்டுவிட்டார். “சொல்லாதிய சார். அந்தப் பிள்ள தைரியமா ஓடட்டும். தைரியத்துலயே அஞ்சு செகண்டு வந்துரும்.”

“வராவிட்டால்?”

“நீங்க வெள்ளிக்கிழம ஊருக்குப் போயிருவிய. யாருக்குத் தெரியப் போவுது?”

அதுதான் எனக்கும் தோன்றியது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து விட்டால் போதும். எனக்கு அலுப்பாக இருந்தது. யாருடைய நிலத்தை அளந்தாலும் கடைசியில் ஒருவர் முகம் சுண்டும். முப்பத்து நான்கு வருடம் அந்த முகங்களைப் பார்த்தாகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் இதுதானா? ஆனாலும் பொட்டலிலேயே உட்கார்ந்திருந்தேன், சாயங்காலம் அவர்கள் வரும் வரைக்கும்.

சுடலைமணியிடம் தனியாகத்தான் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்தது. “நான் அளந்ததா தப்பு? கொத்தனார்ட்ட டேப்பு வாங்கி, வீட்டு மொட்டைமாடில வச்சு, கயித்த அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டாந்தேன் சார். ஒரு இஞ்சு பிசகல.”

“என்ன கயிறு?”

“கூடாரக் கயிறு. பட்டாளத்துல உள்ளது. நல்ல பருத்தி. அந்தத் தரம் இப்பம் கெடைக்காது.”

“அன்றைக்கு வானிலை எப்படி?”

“ஆடி மாசம்லா. காலைல மாடியில அளக்கும்போது நல்ல வெயிலு. இங்கன வந்து முளை அடிக்கும்போது சாரல் புடிச்சுக்கிச்சு. நனைஞ்சுக்கிட்டேதான் வட்டம், நேர்கோடு எல்லாம் அந்தக் கயித்துலயே போட்டேன்.”

 நான் கேட்டேன். “பட்டாளத்தில், மழை வந்தால் கூடாரக் கயிற்றை என்ன செய்வீர்கள்?”

“தளத்தி விடுவோம். இல்லன்னா கயிறு சுருங்கி முளையவே புடுங்கி…” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

பதினேழு வருடம் மழை வரும்போதெல்லாம் எழுந்து போய்க் கயிற்றைத் தளர்த்திவிட்ட மனிதர். அவர் கண் கலங்கியதை நான் பார்க்காத மாதிரி நாடாவைச் சுற்றினேன். என் புத்தகத்தில் பெரு நாட்டுக்காரர்களின் அளவு பிசகவில்லை என்று வியந்து இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அந்தப் பாலைவனத்தில் மழை பெய்யாது என்ற ஒரு காரணத்தை எழுத மறந்திருக்கிறேன். அப்புறம் இன்னொன்றும் உறைத்தது. நான் கண்டுபிடித்த பழந்தமிழ் மீன்கோல் என்பது சாரலில் நனைந்த கூடாரக் கயிறு.

இசக்கி எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. “அப்பம் நான் இவ்வளவு நாளும் நானூறு ஓடவே இல்லயா?” என்றாள்.  “ஃபோன்ல ஒரு ஆப்பு முன்னூத்தி எழுவதுன்னுதான் காட்டும். நான் ஃபோனுதான் சரியில்லன்னு நெனச்சேன். அவிய அளந்ததாச்சேன்னு.”

சுடலைமணி தலையைக் குனிந்துகொண்டார்.  செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். “எங்கன வரைக்கும் ஓடணும் சார்? அங்கன போயி நில்லுங்க” என்றாள்.

ஓட்டம் முடிகிற கோட்டைத் தாண்டி நாடாவை இழுத்து, இருபத்தெட்டாவது மீட்டரில் போய் நின்றேன். அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பழைய கோட்டைத் தாண்டி, என்னை நோக்கி ஓடிவந்தாள். வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டியதும் கால் தடுமாறியது. உடம்பு அங்கே நின்று பழகியிருந்தது. இரண்டு முப்பத்தாறு.

புதன்கிழமை காலை பதிப்பாளர் கூப்பிட்டார். மீனை எடுத்துவிடுங்கள் என்றேன். “அட்டையே மீன்தான் சார்” என்றார். நான் ஃபோனை வைத்துவிட்டு ஐந்தருவிப் பக்கம் நடந்தேன். தண்ணீர் அதிகமென்று குளிக்கத் தடை. கயிற்றைக் கட்டி நின்றிருந்த ஒரு பெண் காவலர் விசில் ஊதி என்னைப் பின்னால் போகச் சொன்னார். நான் குளிக்கவே வரவில்லை என்று அவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. கூட்டத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு தடை நீங்கக் காத்திருந்த ஒருவர், “ரெண்டு நாளா இப்பிடியே எண்ணெயோட நிக்கேன் அண்ணாச்சி” என்றார். பாவமாக இருந்தது.

சாயங்காலம் பொட்டலுக்குப் போனபோது சுடலைமணி நானூறு முடிகிற இடத்தில் புதுக் கோடு போட்டிருந்தார். சுண்ணாம்பில், பளிச்சென்று. நாடாவை எடுக்கப் போனேன். “வேண்டாம் சார். நான் போட்டுட்டேன். என் தப்ப நானே திருத்திக்கிடுதேன்” என்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நாடாவைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இரண்டு முப்பத்தெட்டு. முதல் நாளைவிட மோசம். கொஞ்சம் இளைப்பாறிவிட்டு மறுபடி ஓடினாள். இரண்டு முப்பத்தெட்டு.

அன்றைக்கு எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. மைதீன் சொன்னதைக் கேட்டிருக்கலாம். இருபத்துநான்கு என்று நம்பிக்கொண்டிருந்தவளை முப்பத்தெட்டில் கொண்டுவந்து விட்டேன். உண்மையைச் சொல்வது நல்லது என்று யார் சொன்னது? அளவைக்காரனுக்கு அது ஒரு வியாதி.  

வியாழக்கிழமை விடியற்காலை இரண்டு முப்பத்துநான்கு. அவ்வளவுதான். மறுநாள் தேர்வு என்பதால் இனி ஓடக் கூடாது. இசக்கி மணல் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். சத்தம் போட்டு, மூக்கை உறிஞ்சி, குழந்தை மாதிரி அழுதாள்.

“நான் போகல. அவ்வளவு பேருக்கு முன்னால தோத்துட்டு வர என்னால முடியாது. பீடியே சுத்திக்கிடுதேன்.”

“என்னை மன்னிச்சிரும்மா” என்றேன். வேறு என்ன சொல்வது?

“நீங்க என்ன செய்விய சார். குறைஞ்சது குறைஞ்சதுதான.”

சுடலைமணி அவள் பக்கத்தில் போகவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுண்ணாம்பு வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, “ஏட்டி, எந்திரி. நாளைக்கு ஒனக்காக லீவு போட்டிருக்கேன். போயிட்டு வந்துருவோம்” என்றார். ஏதோ ரேஷன் கடைக்குப் போய்விட்டு வருவது போன்ற குரல். பிறகு பாக்கெட்டிலிருந்து பொரிகடலை எடுத்து மென்றுகொண்டே வீட்டைப் பார்க்க நடந்தார். எனக்கு அந்த மனிதர்மேல் ஆத்திரமாக வந்தது. தப்பு செய்தது அவர். அழுவது அவள். கடலை வேறு.

வெள்ளிக்கிழமை மதியம் நான் திருவனந்தபுரம் போகும் பேருந்தில் இருந்தேன். செங்கோட்டை தாண்டி மலை ஏறியதும் ஆரியங்காவுக்கு முன்னால் மரம் ஏற்றிய ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. இரண்டு மணி நேரம் அசையவில்லை. மழை. ஜன்னலுக்குத் தார்ப்பாய்த் திரை, அதன் ஓட்டை வழியாக என் தோளில் மட்டும் சொட்டு. முன் இருக்கையில் ஒரு சேட்டன் நேந்திரங்காய் வறுவலைப் பிரித்து, ஒன்றுவிடாமல் தின்று முடித்தார். ஃபோனில் சிக்னல் இல்லை. ஓட்டம் காலை எட்டு மணிக்கு என்று சொல்லியிருந்தாள். மணி இரண்டு. முடிந்திருக்கும். இந்நேரம் வீட்டில் முறத்தை மடியில் எடுத்து வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைப்பதை நிறுத்தவும் முடியவில்லை. விமானத்தைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, முதலில் சிக்னல் வரட்டும் என்று இருந்தது.

தென்மலை வந்ததும் ஃபோன் அடித்தது. இசக்கி.

“சார், பாஸ் சார்! ரெண்டு இருவத்தேழு! கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்கேன், உங்களுக்குப் போகவே இல்ல. பந்து எறியுறதும் முடிஞ்சிட்டு, தாண்டுறதும் முடிஞ்சிட்டு!”

 எப்படியம்மா என்று கேட்டேன். வியாழக்கிழமை முப்பத்துநான்கு, வெள்ளிக்கிழமை இருபத்தேழு. ஒரு நாளில் ஏழு விநாடி எங்கிருந்து வரும்?

“அதான் எனக்கும் தெரியல சார். அங்க ஓடும்போது, இன்னும் போகணும் இன்னும் போகணும்னு நெனச்சு ஓடுனேன். பாத்தா, அதுக்குள்ள கோடு வந்துட்டு. நம்ம பொட்டல விட அங்கன சின்னதா இருக்கு சார். கவர்மென்ட்டு மைதானத்தையும் தப்பாவா அளந்திருப்பாவ?”

எனக்குச் சட்டென்று உறைத்தது. புதன்கிழமை போட்ட புதுக் கோட்டை நான் அளக்கவே இல்லை.

“ஃபோனை அவரிடம் கொடும்மா” என்றேன்.

சுடலைமணி வந்தார். எவ்வளவு என்று கேட்டேன். 

“பன்னெண்டு மீட்டர் கூட்டித்தான் போட்டேன் சார்” என்றார். “சொன்னா அவ கால் தளந்துரும். அதான் உங்களுக்கும் சொல்லல.”

பக்கத்திலிருந்து இசக்கி கத்துவது கேட்டது. “என்னது? பன்னெண்டு மீட்டரா? நேத்து அந்த அழுக அழுதனே, கல்லு மாதிரி கடலய தின்னுக்கிட்டு நின்னியளே, பாவி மனுசா!”

 அவர் என்னிடம்தான் சொன்னார், குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

“மொத தடவ தெரியாம குறைச்சிட்டேன் சார். அத வேற எதுல கொண்டுபோயி சரிக்கட்ட?”